ஸ்கேன் படத்தைக் காட்டினால் அத்தை நம்புவாரா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பக்கத்து உம்ஷ்லாங்காவில் ஒரு ஆடிட் கம்பெனியில் ஆர்டிகில்ஸ் (கணக்காளர் ஆவதற்கான பயிற்சி) செய்துகொண்டிருக்கும் 26 வயதுத் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார். மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"போன வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் மனநோய்) என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள், விளக்கம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். இந்த நோய் உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால் பயத்தைக் கவனிக்கும் பகுதி அதிகமாக வேலை செய்கிறது, யோசிக்கும் பகுதி குறைவாக வேலை செய்கிறது, ஞாபகத்துக்கான பகுதி சுருங்கியிருக்கிறது என்று போட்டிருக்கிறது. நான் ரெண்டு தரம் பரீட்சையில் தோற்றுவிட்டேன். ஒரு பக்கம் படித்து அடுத்த பக்கம் போவதற்குள் மறந்துவிடுகிறது. என் அறிவே பழுதாகிவிட்டதா? இன்னொன்று, நான் நடிக்கிறேன் என்கிறார் அத்தை. அம்மாவும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்து அந்தப் படத்தைக் காட்டினால் நம்புவார்களா? தைப்பூசத்துக்குக் காவடி எடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மாமா. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இதற்கெல்லாம் பணம் கட்டுமா என்றும் தெரியவில்லை."

தங்கச்சி, ஸ்கேன் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அத்தைக்குக் காட்டுவதற்காக என்றால் எடுக்க வேண்டாம். எடுத்தால் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆயிரக்கணக்கான ராண்ட் செலவழித்து, அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் படுத்துக் கிடந்து, கடைசியில் "நார்மல்" என்று ரேடியாலஜிஸ்ட் எழுதிய ஒரு தாள்தான் பெரும்பாலும் கைக்கு வரும். அதை அத்தையிடம் கொடுத்தால் அவர் கட்சிதான் ஜெயிக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக் கொடுத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ. கட்டி இருக்கிறதா, ரத்தக் கசிவு இருக்கிறதா, பழைய அடியின் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. வலிப்பு வந்தாலோ, தலையில் பலமாக அடிபட்டிருந்தாலோ, புதிதாகத் தொடங்கிய தலைவலி விடாமல் நீடித்தாலோ, பார்வையோ கைகால் பலமோ குறைந்தாலோ நானே எழுதிக் கொடுப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் படித்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை வேறு வகை. எஃப்.எம்.ஆர்.ஐ. என்பார்கள். 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவில் பெல் லேப்ஸில் இருந்தபோது கண்டு சொன்ன ஒரு விஷயத்தின் மேல் கட்டியது: மூளையில் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு மாறும், அந்த மாற்றத்தைக் காந்தப்புலத்தால் பிடித்துவிடலாம். அது பிடிப்பது ரத்தத்தை, எண்ணத்தை அல்ல. அதுவும் உடனே இல்லை, சில நொடிகள் கழித்துத்தான் அந்த அலை உச்சத்துக்கு வரும். சிவப்பும் மஞ்சளுமாக எரிகிற மாதிரி நீங்கள் பார்த்த படங்களில் இருக்கும் நிறம் கம்ப்யூட்டர் பூசியது. பல பேரின் கணக்கைக் கூட்டி, இன்னும் பல பேரின் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்த இடத்தில் பூசிய நிறம். ஒரு தனி ஆளின் மூளை அப்படி எரிவதில்லை.

இந்த "பல பேரின் கணக்கு" என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பயம் முழுக்க இங்கேதான் பிறந்திருக்கிறது. ஞாபகத்துக்கான பகுதி, அதாவது ஹிப்போகாம்பஸ், சுருங்கியது என்று படித்தீர்களே, அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்த ஆராய்ச்சிகளில் முக்கியமானது ஜெர்மனியில் மார்ட்டின் ட்ரீசன் குழு 2000இல் வெளியிட்டது. இந்த நோய் உள்ள 21 பெண்கள், இல்லாத 21 பெண்கள். நோய் உள்ளவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சராசரியாகக் கிட்டத்தட்ட 16 சதவீதமும், பயத்தைக் கவனிக்கும் பகுதியான அமிக்டலா 8 சதவீதமும் சிறியதாக இருந்தது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம் என்பது உண்மை, அதற்காக ஐந்தடி ஆறங்குலம் என்று மட்டும் சொன்னால் அது ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. இரண்டு கூட்டமும் அவ்வளவு தூரம் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. மூளை அளவும் அப்படித்தான். நோய் இல்லாத எத்தனையோ பேருக்குச் சிறிய ஹிப்போகாம்பஸ் இருக்கும், நோய் உள்ள எத்தனையோ பேருக்குப் பெரியது இருக்கும். அதனால்தான் 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இந்த நோய்க்கு ஒன்பது அடையாளங்கள் போட்டு, ஐந்து இருந்தால் நோய் என்று வைத்தார்கள், அந்த ஒன்பதில் ஒன்றுகூட ஸ்கேன் இல்லை. உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் இதற்கு வேறு வழி கிடையாது, எவ்வளவு பளபளப்பான கிளினிக் வேறு மாதிரி விளம்பரம் செய்தாலும் சரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின்ன வயதில் அடி, பாலியல் கொடுமை, கைவிடப்படுதல் என்று பட்டவர்கள் இந்த நோய் உள்ளவர்களில் நிறைய. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் உள்ளவர்களிடமும் இதே ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் சுருக்கம் எதனுடையது? இந்த நோயினுடையதா, பட்ட அடியினுடையதா, கூடவே இருக்கும் மனச்சோர்வினுடையதா? பிரித்துச் சொல்வது சுலபமில்லை.

சரி, அதற்காக இந்த ஆராய்ச்சி எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நிலைமையைப் புரிந்துகொள்ள உதவுகிற விஷயங்கள் அதில் இருக்கின்றன.

2001இல் சபீனா ஹெர்பெர்ட்ஸ் குழு, மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையைப் பார்த்தது. நோய் உள்ளவர்களின் அமிக்டலா கூடுதலாகக் கிளர்ந்தது. வெறும் ஆறு நோயாளிகள், ஆறு மற்றவர்கள், அவ்வளவுதான், ஆனாலும் இந்தத் துறைக்கு அதுதான் வாசல். 2003இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனேகன் குழு படங்களுக்குப் பதிலாக முகங்களைக் காட்டியது: சிரித்த முகம், சோகமான முகம், பயந்த முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத சும்மா முகம். எல்லாவற்றுக்கும் அமிக்டலா எழும்பியது. அந்தச் சும்மா முகத்தைப் பார்த்து சில நோயாளிகள் "இவர் ஏதோ கெட்டது நினைக்கிறார்" என்கிற மாதிரி சொன்னார்கள். அத்தை டீ ஊற்றும்போது உங்களைப் பார்க்காமல் இருந்தார், அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்கு இந்த ஆராய்ச்சிதான் நினைவுக்கு வந்தது. அத்தை அன்றைக்குக் கோபமாகவே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் வெறும் முகத்தில் ஆபத்தைப் படிக்கிற வேகம் உங்களுக்கு அதிகம் என்று தெரிந்திருந்தால், தூக்கத்தைத் தொலைப்பதற்கு முன்னால் "டீ ஊற்றும்போது மனுஷி டீயைத்தானே பார்ப்பார்" என்று ஒரு நிமிஷம் யோசிக்க இடம் கிடைக்கும்.

இப்போது உங்கள் பரீட்சைக்கு வருகிறேன். ஆன்தனி ருவோக்கோ 2005இல் அதுவரை வந்த பத்து ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். ஸ்கேன் இல்லை, தாளும் பென்சிலுமாகச் செய்கிற அறிவுத்திறன் சோதனைகள். கவனம், நினைவு, திட்டமிடுதல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவது, வேகம் இவற்றில் நோய் உள்ள கூட்டம் சராசரியாகப் பின்தங்கியது, அதில் திட்டமிடுதலில் வித்தியாசம் அதிகம். ஆக நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. ஆனால் இதுவும் கூட்டத்தின் சராசரிதான், "அறிவு பழுது" என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனர்ஸ் வரை பாஸ் செய்து ஆர்டிகில்ஸுக்கு வந்த பெண்ணிடம் அறிவு இருக்கிறதா என்று நான் ஏன் சோதிக்கப் போகிறேன்!

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி 2012இல் ஜெர்மனியில் மன்ஹைமில் அன்னகிரெட் க்ரௌஸே-உட்ஸ் குழு செய்தது. சில எழுத்துக்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து ஒரு எழுத்தைக் காட்டி இது முன்னால் இருந்ததா என்று கேட்பார்கள். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சில தடவை மனதைக் கலக்கும் மனிதப் படங்களைக் காட்டினார்கள். அப்போது நோய் உள்ள பெண்களின் அமிக்டலா மற்றவர்களைவிட அதிகம் எழும்பியது, பதில் சொல்லவும் அவர்களுக்கு அதிக நேரம் ஆனது. உங்களுக்கு இதில் செய்தி என்ன? மனதில் பிடித்து வைத்திருக்கும் சக்தி இருக்கிறது, உணர்ச்சி குறுக்கே வரும்போது அது நழுவுகிறது. வரிச் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் போனில் வாட்ஸப்பில் யாரோ ப்ளூ டிக் விட்டுப் பதில் போடாமல் இருப்பதையும் பார்த்துக்கொண்டு, கீழே அத்தை குரலும் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் மனதில் நிற்காது. அதே பக்கத்தை ஞாயிறு காலை ஆபீஸில் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படித்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பாருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். எனக்கு அந்த விவரம் ஸ்கேனைவிடப் பிரயோஜனம்.

நியூயார்க்கில் டேவிட் சில்பர்ஸ்வைக் குழு 2007இல் செய்ததும் இதே திசைதான்: திரையில் வரும் வார்த்தையின் எழுத்து சாதாரண வடிவம் என்றால் பட்டனை அழுத்து, வேறு வடிவம் என்றால் அழுத்தாதே என்ற விளையாட்டு. வார்த்தைகள் மனதைப் புண்படுத்துகிறவையாக இருந்து, கையையும் கட்டுப்படுத்த வேண்டி வந்தபோது, நோய் உள்ளவர்களுக்கு முன்மூளையின் நடு அடிப்பகுதி வேலை செய்வது குறைந்தது. எப்போதும் குறைவு என்று இல்லை, அந்த நேரத்தில் குறைவு. நீங்கள் படித்த கட்டுரை அந்த "நேரத்தை" விட்டுவிட்டு எழுதியிருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2013இல் இதே ருவோக்கோ எஃப்.எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அமிக்டலா வேலை குறைவு என்று வந்தது. 2016இல் லார்ஸ் ஷூல்ஸே குழு இன்னும் அதிக ஆராய்ச்சிகளைச் சேர்த்தபோது அதிகம் என்று வந்தது, மருந்து சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் கலந்து பார்த்ததுதான் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். 2020இல் வேறொரு வேடிக்கை: ஒரே ஸ்கேன் தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள், எந்த இரண்டு குழுவும் முழுக்க ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துவரவில்லை. அதற்கும் முன்னால் 2009இல் க்ரெய்க் பென்னட் என்றவர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி "இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள்" என்று கேட்டார். புள்ளிவிவரத்தைச் சரியாகத் திருத்தாவிட்டால் செத்த மீன் மூளையும் யோசிக்கிறது என்று ரிசல்ட் வந்தது! இது நிஜமாக நடந்தது, அவர் குழுவுக்கு 2012இல், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். அதனால் கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கே இவ்வளவு கவனம் தேவைப்படுகிற கருவியை வைத்து, சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் ஒரு பெண் நடிக்கிறாளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லச் சொல்வது கருவிக்கே அநியாயம்.

மறதிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்பதை நீங்கள் இன்னும் தேடவில்லை, உங்கள் டாக்டரும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. குவெட்டியாபின் என்றால் காலையில் மந்தம் இருக்கும். டோப்பிரமேட் என்றால் சொல் வாயில் வராமல் தடுமாறும், அது அந்த மருந்துக்குப் பேர்போன குணம். தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கிற பென்ஸோடயஸெபின் வகை நினைவை நேரடியாகவே பாதிக்கும். மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்தால் யாருக்கும் படிப்பு ஓடாது. சின்ன வயதிலிருந்தே கவனச் சிதறல் இருந்ததா என்றும் யாராவது கேட்க வேண்டும், ஏ.டி.எச்.டி.யும் இந்த நோயும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம் இல்லை. தைராய்டு, இரும்புச் சத்து, பி12 மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள், அதிலும் வீட்டில் புரட்டாசி மட்டுமில்லாமல் வருஷம் முழுக்க சைவம் என்றால் பி12 கட்டாயம். எம்.ஆர்.ஐ. விலையில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாது, உருப்படியான பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இது மாறுமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. மாறும். பாஸ்டன் பக்கத்தில் மெக்லீன் ஆஸ்பத்திரியில் மேரி ஸனரினி, இந்த நோயோடு சேர்க்கப்பட்ட 290 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். பத்து வருஷத்துக்குள் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ச்சியாக நோயின் அளவுகோலுக்குள் வராத காலம் கிடைத்தது. நல்ல வேலையும் நல்ல உறவும் சேர்ந்த முழுக் குணம் என்று பார்த்தால் பாதிப் பேர், அதையும் மறைக்க மாட்டேன். நோய் தணிவதைவிட வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது மெதுவாக நடக்கும்.

மருந்து இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை, கூட இருக்கும் மனச்சோர்வு, தூக்கமின்மை மாதிரி விஷயங்களுக்குத்தான் உதவும். முக்கிய சிகிச்சை பேச்சும் பயிற்சியும். டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்று கேட்டிருப்பீர்கள், சியாட்டிலில் மார்ஷா லினெஹான் உருவாக்கியது, முதல் பெரிய ஆய்வு 1991இல் வந்தது. தானே இளம் வயதில் மனநல ஆஸ்பத்திரியில் கிடந்தவள் என்று 2011இல் அவர் பகிரங்கமாகச் சொன்னார். லண்டனில் பேட்மனும் ஃபோனகியும் செய்த எம்.பி.டி. (மென்டலைசேஷன் பேஸ்ட் ட்ரீட்மென்ட்) இன்னொரு வழி, எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அவசரப்படாமல் யோசிக்கப் பழக்குவது. ஸ்கேன் ஆராய்ச்சிக்காரர்கள் இங்கேயும் எட்டிப் பார்த்தார்கள்: 2014இல் மரியான் குட்மன் குழு ஒரு வருஷம் டி.பி.டி. எடுத்த 11 பேரைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தது. அமிக்டலாவின் கிளர்ச்சி அடங்கியிருந்தது. சின்ன ஆய்வு, மேலே நான் சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும். ஆனாலும் ஸ்கேனில் தெரிவது கல்வெட்டு இல்லை என்று காட்ட இது போதும்.

அத்தை விஷயம். "நடிப்பு" என்ற பேச்சு நம் வீடுகளில் புதிதில்லை. சர்க்கரை என்றால் தட்டில் சோற்றைக் குறைப்பார்கள், மனசு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை, ஆதாரம் இல்லாததால் நம்பாதவர்கள் குறைவு. நம்பினால் தாங்கள் என்ன செய்ய வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் நம்பாதவர்கள்தான் அதிகம், குறிப்பாகத் தாய்மார்கள், "அப்போ வளர்ப்பு சரியில்லை என்கிறார்களா" என்று உள்ளே ஒரு குத்தல். இதில் பரம்பரைக்குக் கிட்டத்தட்ட பாதிப் பங்கு இருப்பதாக இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன, ஆகவே அம்மாவைக் கூண்டில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தையை வேண்டாம், அம்மாவை மட்டும். நீங்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவைத்தால் இருபது நிமிஷம் அம்மாவுக்கு என்று ஒதுக்குவார். மூளைப் படம் செய்யாததை அந்த இருபது நிமிஷம் சில வீடுகளில் செய்து பார்த்திருக்கிறேன், சில வீடுகளில் அதுவும் பலிக்கவில்லை.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். 2008இல் ஹூஸ்டனில் ரீட் மான்டேக் குழு பணத்தை வைத்து ஒரு நம்பிக்கை விளையாட்டு நடத்தியது. ஒருவர் பணம் அனுப்புவார், அது மூன்று மடங்காகும், வாங்கியவர் விரும்பிய பங்கைத் திருப்பித் தருவார், இப்படிப் பத்துச் சுற்று. அனுப்புகிறவருக்கு நம்பிக்கை குறைந்து தொகை சுருங்கினால், மற்றவர்கள் கொஞ்சம் தாராளமாகத் திருப்பிக் கொடுத்து நம்பிக்கையை மீட்டுவிட்டார்கள். நோய் உள்ளவர்கள் அதிகம் அப்படிச் செய்யவில்லை. உறவு முறிந்துகொண்டே போனது. மூளையில் இன்சுலா என்ற பகுதி, மற்றவர்களுக்குக் குறைந்த தொகை வரும்போது "ஏதோ சரியில்லை" என்று எழுந்தது, இவர்களுக்கு அந்த மணி அடிக்கவில்லை. எதிரிலிருப்பவர் கை சுருக்குவது இவர்களுக்கு எதிர்பார்த்ததுதான் போல. அம்மா இரண்டு தரம் போன் செய்து நீங்கள் எடுக்கவில்லை என்று கடிதத்திலேயே இருக்கிறது. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. ஒரு தரம் நீங்களே கூப்பிடுங்கள், நோயைப் பற்றிப் பேச வேண்டாம், வேறு ஏதாவது பேசுங்கள்.

மெடிக்கல் எய்ட். பைபோலாரும் ஸ்கிட்ஸோஃப்ரெனியாவும் நம் நாட்டு நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன, பார்டர்லைன் இல்லை. அதனால் இந்தப் பெயரை மட்டும் எழுதினால் பல திட்டங்கள் கையை விரிக்கும் அல்லது உங்கள் சேமிப்புப் பகுதியிலிருந்து கழிக்கும். ஆனால் உங்களுக்குப் பெரிய மனச்சோர்வு நோயும் இருப்பதாக டாக்டர் முடிவு செய்திருந்தால், அது பி.எம்.பி. என்ற கட்டாயப் பலன்களுக்குள் வரும், வருஷத்துக்கு மூன்று வாரம் வரை ஆஸ்பத்திரி அல்லது 15 தடவை வரை வெளிநோயாளியாகப் பேச்சு சிகிச்சை. இல்லாத நோயை எழுதச் சொல்லவில்லை, இருப்பதை விடாமல் எழுதியிருக்கிறாரா என்று கேட்கச் சொல்கிறேன். பணம் கட்ட முடியாவிட்டால் பக்கத்து கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி அரசு ஆஸ்பத்திரி சைக்காலஜி பிரிவுக்குப் போகலாம், காத்திருக்க வேண்டும், பெயரை இன்றைக்கே போட்டு வையுங்கள். ஆபீஸுக்குச் சீட்டு கொடுக்கும்போது நோயின் பெயர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் அதை எழுதவும் கூடாது. பரீட்சைக்குக் கூடுதல் நேரமோ தனி அறையோ கேட்டு விண்ணப்பிப்பதைப் பற்றி டாக்டரிடம் சீக்கிரமே பேசுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடிதத்தின் கடைசி வரிகளில் "இருந்து என்ன பிரயோஜனம்" என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் தாண்டிப் போகவில்லை. அந்த நினைப்பு வலுவாக வரும் ராத்திரியில் எஸ்.ஏ.டி.ஏ.ஜி. என்ற மனநல உதவி அமைப்பின் 0800 567 567 இலவச எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். கூட யார் வருவார்கள் என்பதை நல்ல நாளில் முடிவு செய்து அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காவடியைப் பற்றி மாமாவோடு சண்டை போட வேண்டாம். உங்களுக்கு ஆசை இருந்தால் எடுங்கள், கோயிலில் நாலு பேரோடு நிற்பது நல்லதுதான், சிகிச்சைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். ஆனால் பத்து நாள் விரதத்தில் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உங்களுக்குக் கொடுத்திருப்பது லித்தியம் என்றால் இன்னும் கவனம். டர்பனில் தைப்பூசம் உச்சி வெயில் காலத்தில் வருகிறது, வெறும் வயிற்றோடு தண்ணீரும் குடிக்காமல் வியர்த்து நடந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடலாம். கொடி ஏற்றுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே டாக்டரிடம் மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள், அதே நாளில் மேலே சொன்ன மூன்று ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடலாம்.